சூப்பர்வைசர் களை

வேட்டி மறுபடியும் தலையில் விழுந்தது. அதற்குள் இருந்தபடியே ஜெயவேல் சிரித்துக்கொண்டிருந்தான். சிரிப்பை விட்டால் திரும்பப் பிடிப்பது கஷ்டம் என்று பயம்.

"யோவ், லாரி போயாச்சு. வெளிய வா," என்றாள் செங்கொடி.

திருவொற்றியூரில் ரோட்டோரம் வீடு. கண்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் சுவர் ஆடும். ஆணி கழன்று, பின்னால் திரையாகக் கட்டிய வெள்ளை வேட்டி விழும். மிக்ஸி ஜாரில் சாய்த்து வைத்த போன் குப்புறப் படுக்கும். காலையிலிருந்து இதே கூத்து. ஒரு படத்தில் அவனுக்குக் கண் மூடியிருந்தது. ஒன்றில் அவனே இல்லை, சீலிங் ஃபேன்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால், இதுவரை எடுத்ததில் ஃபேன்தான் நன்றாக இருந்தது.

விஷயம் இதுதான். கண்டெய்னர் யார்டில் பல வருஷம் கூலிக்கு நின்ற ஜெயவேலுக்கு நாளை முதல் சூப்பர்வைசர் வேலை. கொஞ்ச நாள் பார்ப்பார்களாம். தப்பு வந்தால் பழைய இடத்துக்கே போக வேண்டியதுதான். அதற்கு இன்றைக்குள் ஆபீசுக்கு போட்டோ அனுப்ப வேண்டும். ஆபீசிலிருந்து ஹெப்சிபா மேடம் போன் செய்தபோது அவன் குளித்துக்கொண்டிருந்தான். செங்கொடிதான் எடுத்தாள்.

"கேட்ல புது மிஷின் வெச்சுகீறாங்களாம். மூஞ்சியப் பாத்துதான் கதவு தொறக்குமாம். அதே போட்டோவ போர்டுலயும் ஒட்டுவாங்களாம். தொப்பி போடக்கூடாதாம். நேராப் பாக்கணுமாம்."

"வேற இன்னா சொன்னாங்க?"

"அவ்ளோதான்."

மிஷின் அவன் காதில் ஏறவே இல்லை. போர்டு மட்டும்தான் ஏறியது. மொத்த யார்டும் தினம் பார்க்கப்போகிற போர்டு!

"ஸ்டுடியோல எடுத்துக்கோயேன்," என்றாள்.

"எனக்கு எந்தப் பக்கம் அழகுன்னு ஸ்டுடியோக்காரனுக்கு எப்டிமே தெரியும்?"

"கட்டிக்கினவ எனக்கே தெரியலயே!"

ஆகவே வீட்டிலேயே ஸ்டுடியோ. வெளிச்சத்தை மூஞ்சிக்குத் திருப்ப, ஃப்ரிட்ஜ் வாங்கியபோது வந்த தெர்மகோல் அட்டை. அரை டப்பா பவுடர். சட்டைக்குப் படத்தில் தெரிகிற வரைக்கும்தான் இஸ்திரி. அதற்குக் கீழே லுங்கி.

எதிர்வீட்டு மலிகா அக்கா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். பின்னால் வெள்ளைத் துணி. நாற்காலியில் பவுடர் பூசின ஆள். அசையாத கண்.

"ஐயோ செங்கொடி! நேத்துகூட நல்லாத்தானே இருந்தாரு!"

"யக்கா! உசுரோடதான் கீறேன்!"

"பேசாதய்யா, போஸு கலைஞ்சிடும்," என்றாள் செங்கொடி.

அவன் திரும்ப விறைத்துக்கொண்டான். அவள் போனைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"இன்னாமே?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லு."

"களை இல்லய்யா. சூப்பர்வைசர்னு எழுதி ஒட்டுனாலும் கிளீனர் மாதிரியே கீற."

அடி சரியான இடத்தில் விழுந்தது. "இப்ப இன்னாதான் கொறையுது?"

செங்கொடி யோசிக்கிற மாதிரி யோசித்தாள். பிறகு அரிசி டின்னுக்குள் கையை விட்டு ஒரு கண்ணாடியை எடுத்தாள். கறுப்பு ஃப்ரேம், கெட்டி. அவனுக்குக் கண் டாக்டர் எழுதிக் கொடுத்தது. அதைப் போட்டுக்கொண்டு போன முதல் நாளே டீக்கடையில் ஒருத்தன், "பெருசு, கொஞ்சம் நவுந்துக்கோ," என்றுவிட்டான். அன்றைக்கு அரிசிக்குள் புதைத்ததுதான். அப்புறம் ஒரு நாள் யார்டில் கண்டெய்னர் பெட்டி நம்பரில் எட்டை மூன்று என்று படித்தான். மீஞ்சூர் போக வேண்டிய பெட்டி தண்டையார்பேட்டை குடோன் வாசலில் போய் நின்றது. யார்டே சிரித்தது. செங்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு எட்டு மூன்றானால் வேலையே காலி. கெஞ்சினாள், திட்டினாள், பேசாமல்கூட இருந்து பார்த்தாள். அவனுக்கு அது ஓய்வாக இருந்ததால் அதையும் நிறுத்திவிட்டாள்.

"அத்த எதுக்கு எடுத்தே?" என்றான் முறைத்துக்கொண்டு.

"போட்டோக்கு மட்டும்யா. மேனேஜருங்கல்லாம் போட்டுகினு கீறாங்கல்ல? எடுத்ததும் கழட்டிக் கடாசிடு."

போட்டான். சட்டென்று உலகம் கழுவி வைத்த மாதிரி ஆனது. சுவரில் ஒட்டடை தெரிந்தது. செங்கொடி தெரிந்தாள். அவள் கன்னத்தில் சின்னத் தழும்பு.

"இன்னாமே அது? எப்ப வந்துச்சு?"

"போன பொங்கலுக்கு வடை சுட்டப்ப எண்ண தெறிச்சுது. இப்பத்தான் தெரியுதா உனக்கு?"

அவனால் சிரிக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து அவள் எடுத்துவிட்டாள். படத்தில் இருந்தவனைப் பார்த்து ஜெயவேலுக்கே மரியாதை வந்தது. பொறுப்பான மூஞ்சி.

"சோக்கா கீது," என்றாள் செங்கொடி. அனுப்பியதும் அவளே. கண்ணாடி திரும்ப அரிசிக்குள் போனது.

மறுநாள் காலை. கேட்டில் புது மிஷின் முன்னால் ஜெயவேல் சீவின தலையோடு நின்றான். சிவப்பு விளக்கு. பக்கவாட்டில் திரும்பிக் காட்டினான். சிவப்பு. போட்டோவில் இருந்த மாதிரியே சிரிக்காமல் விறைத்து நின்றான். சிவப்பு. பின்னால் வரிசை நீண்டது. "யாருப்பா அது, மிஷினுக்கு மூஞ்சி புடிக்கலயா?" என்று ஒரு குரல். முதல் நாளே லேட் என்றால் மேனேஜர் என்ன சொல்வார்? வீட்டுக்குப் போன் போட்டான்.

"மிஷினு வுட மாட்டேங்குதுமே!"

"சாப்பாட்டுப் பையில டிபன் பாக்ஸ் மேல பாரு," என்றாள் செங்கொடி. போனை வைத்துவிட்டாள்.

துணியில் சுற்றி, அரிசித் தூசி துடைத்து, கண்ணாடி.

போட்டான். பச்சை.

உள்ளே அடுக்கி வைத்த பெட்டிகளில் நம்பரெல்லாம் தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிந்தன. எட்டு எட்டாகவே இருந்தது. அது ஒரு மாதிரி நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் டீக்கடை ஞாபகம் வந்தது. நேராக ஆபீசுக்குள் நுழைந்தான்.

"மேடம், அந்த போட்டோவ மாத்த முடியாதா? தெனம் இத்த மாட்டிகினு வரணும் போலகீது. பேஜாரா கீது."

"மிஷின்ல ஏத்தியாச்சு சார், ஹெட் ஆபீஸ் சொன்னாத்தான் மாத்த முடியும்," என்றார் ஹெப்சிபா. "அதுக்குத்தான் நேத்தே உங்க வூட்டம்மா கிட்ட ரெண்டு தடவ சொன்னேன், தொப்பியும் வேணாம், கண்ணாடியையும் கழட்டிட்டு எடுங்கன்னு!"