பெட்டி கொடுத்த மரண வாக்குமூலம்

"சாரே, உங்க பெட்டி இன்னைக்கும் செத்துப்போச்சு!"

குலசேகரத்திலிருந்து ஜெபதாஸ் போனில் கத்த, நாகர்கோவில் ஆபீசில் ஆன்ஸ்லின் தலையில் கைவைத்துக்கொண்டான்.

ஜெபதாசின் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகையறையில் சூட்டைக் கவனித்துச் சின்னத் திரையில் காட்டி, மின்விசிறியை ஓட்டும் பெட்டி அது. ஆன்ஸ்லின் வடிவமைத்தது. சூடு ஏறினால் முதலாளிக்கு மெசேஜும் அனுப்பும். அதற்கான ஆபீஸ் சிம் வரத் தாமதமானதால் தன் பழைய சிம்மையே போட்டிருந்தான். நிச்சயதார்த்தத்தின்போது, "இந்த நம்பர் உனக்கு மட்டும்" என்று ஷைஜாவிடம் சொன்ன நம்பர். நாளைக்கே மாற்றிவிடலாம் என்று நினைத்தான். நினைத்ததோடு சரி.

இப்போது தினமும் மதியம் பெட்டியை உள்ளிருந்து இயக்கும் கெர்னல் என்ற மென்பொருள் விழுந்துவிடுகிறது. காரணம் தெரியாவிட்டால் சனிக்கிழமை பெட்டி திரும்பி வரும். ஆன்ஸ்லினின் வேலையும் அதோடு போகும்.

"சாகும்போது காரணத்த உள்ளயே எழுதி வைக்கும், மரண வாக்குமூலம் மாதிரி. நான் வந்து பாக்கேன். கரண்ட மட்டும் அணைக்காதீங்க."

"அய்யோ, ஷீட் அடுக்குத பகவதியம்மா அப்பவே அணைச்சுப் போட்டாளே!"

கரண்ட் போனால் வாக்குமூலமும் அழிந்துவிடும்.

போனை வைத்ததும் ஷைஜா ஆபீஸ் நம்பரில் அழைத்தாள். "ஒரு நிமிசம் பேசணும்."

"ஏட்டி, தலைக்கு மேல வேலை. மெசேஜ் போடு."

"போட்டா மட்டும் பாக்கவா போறீங்க?" என்று வைத்துவிட்டாள்.

கல்யாணமான புதிதில் சாப்பிட்டீங்களா, சாப்பிட்டீங்களா என்று உயிரை எடுத்தவள். இப்போதெல்லாம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அவனுக்கு அந்த மனத்தாங்கல் இருந்தது. ஏன் என்று கேட்கத்தான் நேரம் இல்லை.

மறுநாள் பெட்டிக்கு ஒரு பாட்டரி வைத்து, 'யாரும் தொடக்கூடாது' என்று அட்டையும் தொங்கவிட்டு வந்தான்.

யாரும் தொடவில்லை. மதியம் நின்ற பெட்டி நின்றபடியே இருந்தது, விசிறியும் நின்றது, ஷீட்டெல்லாம் கருகிப்போனது. ஆன்ஸ்லின் போய்ச் சேர்வதற்குள் ஜெபதாஸ் பாட்டரியோடு சேர்த்துப் பிடுங்கி எறிந்திருந்தார்.

"முன்னயாவது அணைச்சுப் போட்டா உயிரு வரும். உங்க அட்டைய நம்பி எனக்க ஷீட்டு போச்சு!"

வெள்ளிக்கிழமை லேப்டாப்போடு தானே போய், பெட்டியைத் திரும்ப மாட்டிக் காவல் இருப்பதென்று முடிவு செய்தான். வாசலில் செருப்பு மாட்டும்போது ஷைஜா வந்து நின்றாள்.

"நான் அனுப்புறது ஒண்ணுமே பாக்கல்லியா?"

"என்னத்த அனுப்புன? இன்னைக்கு ஒரு நாள் விடு, வேலை போயிரும்போல இருக்கு."

அவள் உள்ளே போய்விட்டாள். அவனும் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்சைப் பிடிக்கும் அவசரம்.

மதியம் பெட்டி வழக்கம்போல ஒழுங்காகச் செத்துப்போனது. லேப்டாப்பில் வாக்குமூலம் வரிவரியாக இறங்கியது. வருகிற மெசேஜை வாங்கும் இடத்தில்தான் விழுந்திருக்கிறது. மெசேஜ் நீளம், பெட்டியால் தாங்க முடியவில்லை.

"கிடைச்சாச்சு!" என்று ஆன்ஸ்லின் துள்ளினான். "எவனோ விளம்பரம் அனுப்பியே கொல்லுகான்!"

ஷீட் அடுக்கிக்கொண்டிருந்த பகவதியம்மாள் சிரித்தாள்.

"விளம்பரமா? நல்ல கதை. தெனமும் நிக்கும்போது பெட்டியில எழுத்து வருமே சாரே. 'சாப்பிட்டீங்களா, மீன் புளிமுளம் கறி வச்சிருக்கேன், சீக்கிரம் வாங்க'ன்னு. எங்கள சாப்பிட அனுப்ப நீங்க வச்ச ஏற்பாடுன்னுல்லா நெனச்சேன்! அதான் அணைச்சுட்டுப் போவேன்."

ஆன்ஸ்லினுக்கு சிம் நினைவுக்கு வந்தது. தினமும் கேட்டிருக்கிறாள். இவன்தான் இரும்புப் பெட்டியைப் பதில் சொல்ல உட்கார்த்தி வைத்திருக்கிறான்.

பகவதியம்மாள் பெட்டியின் சின்னத் திரையருகே குனிந்து, எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"இன்னைக்கு வேற என்னமோல்லா போட்டிருக்கு. 'பதிலே வராத நம்பருக்கு இனி அனுப்ப மாட்டேன். சாவி பக்கத்து வீட்டுல இருக்கு. அம்மா வீட்டுக்குப் போறேன்'னு... ஏன் சாரே, இந்தப் பெட்டிக்கு அம்மா வீடு எங்க?"