மைலேஜ் தரும் வெள்ளாடு

ஒரு காட்டில், நரிகளும் முயல்களும் நீதி சொல்வதற்கென்றே வரிசையில் நிற்கும் அந்தக் காட்டில்தான், வேலாண்டி என்றொரு கரடி குடியிருந்தது. அதன் பெண்டாட்டி மயிலாத்தாளுக்குக் கோடை வந்தால் மூச்சிரைப்பு. வெயில் ஏறுவதற்குள் மலைக்குக் கூட்டிப் போகாவிட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று வைத்தியர் ஆந்தை சொல்லிவிட்டது. வேலாண்டிக்கு அவள்மேல் உயிர். கட்டில், அடுப்பு, அம்மியெல்லாம் வைத்த கேரவன் ஒன்றை உடனே வாங்கிவிட்டது. இனி அதை இழுக்க ஒரு வண்டி வேண்டும். அந்தக் காட்டில் வண்டி என்றால் நாலு கால்தான்.

கீரியின் ஷோரூமில் முதலில் யானை நின்றது. யாரும் கேட்பதற்குள் அது கேரவனைப் பூட்டி எதிர் மேட்டில் ஏற்றிக் காட்டியது.

"ஏனுங்க, கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறோணும். இதையே எடுத்துக்கலாமுங்க," என்றாள் மயிலாத்தாள்.

"சும்மா இரு. உனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்?" என்று அதட்டிய வேலாண்டி, தனக்குத் தெரிந்த ஒரே கேள்வியைக் கீரியிடம் கேட்டது. "மைலேஜ் என்ன தருமுங்க?"

"கிலோமீட்டருக்கு ஒரு கட்டுக் கரும்புங்க."

வேலாண்டி யானைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டது. "வேற காட்டுங்க."

"இந்த வெள்ளாட்டப் பாருங்க. ஒரு பிடி தழை போட்டாப் போதும், காட்டையே சுத்தி வந்துரும்."

கேரவனைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வேலாண்டி ஆட்டை ஓட்டிப் பார்த்தது. அது துள்ளிய துள்ளலில் அசந்தே போய்விட்டது. "என்னா பிக்கப்!" நாலு குளம்புக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, மாலை போட்டு, பயணம் கிளம்பியாயிற்று.

அடிவாரம் வரை ஜோராகத்தான் போனார்கள். பாதை இறக்கமாக இருந்ததால் கேரவன்தான் ஆட்டைத் தள்ளிக்கொண்டு போனது. வேலாண்டி அதைக் கவனிக்கவில்லை.

முதல் வளைவிலேயே ஆட்டின் குளம்பு வழுக்கியது. மயிலாத்தாளோடு சேர்ந்து கேரவன் பின்னால் உருளத் தொடங்கியது. உள்ளே அவள் போட்ட அலறலைக் கேட்டு வேலாண்டி பாய்ந்து வந்து கயிற்றைத் தன் தோளில் மாட்டி இழுத்துப் பிடித்தது.

"கொஞ்சம் மூச்சு வாங்கிக்கறனுங்கண்ணா," என்ற ஆடு கேரவனுக்குள் ஏறிக் கட்டிலில் படுத்துக்கொண்டது.

மிச்ச மலை முழுவதையும் வேலாண்டியே இழுத்தது. உச்சிக் காற்று பட்டதும் மயிலாத்தாளுக்கு இரைப்பு நின்றது. இப்போது வேலாண்டிக்கு இரைத்தது.

ஆடு கட்டிலைவிட்டு இறங்கி மாலையோடு கேரவனுக்கு முன்னால் போய் நிற்கவும், மலை மிருகங்களெல்லாம் கூடிவிட்டன. "ஆட்டுலயா இத்தன பெரிய கேரவன இழுத்துட்டு வந்தீங்க? மைலேஜ் என்ன தருதுங்க?"

மயிலாத்தாள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலாண்டி தோளில் இருந்த கயிற்றுத் தடத்தைத் துண்டால் மூடிக்கொண்டது.

"அடிவாரத்துல இருந்து உச்சி வரைக்கும் ஒரு எலை திங்கலீங்க," என்றது. அது பொய்யுமில்லை.

மறுநாளே கீரியின் ஷோரூமில் வெள்ளாட்டுக்குத் தள்ளுமுள்ளு. வந்தவர்கள் யானையைத் தட்டிப் பார்த்து, நல்ல வண்டிதான் என்று ஒப்புக்கொண்டு, ஆட்டு வரிசையில் போய் நின்றார்கள்.

நீதி: மைலேஜ்தான் முக்கியம் என்றால் இழுக்காத வண்டியாகப் பார்த்து வாங்கு, இழுப்பதற்குத்தான் நீ இருக்கிறாயே.