கிரீஸ் நிப்பிளுக்கு ஒரு கவசம்

நாலு சக்கரக் குவாட் பைக்கைப் பாறையோரம் நிறுத்திவிட்டு அடியில் ஊர்ந்து புகுந்த மெர்வின், கிரீஸ் நிப்பிள் உடைந்திருப்பதைக் கண்டு கடவுளுக்கு நன்றி சொன்னான்.

சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கையின் அடியில் மரு போலத் தொங்கும் சின்ன முனை அது. அதன் வழியாகத்தான் கிரீஸ் ஏற்ற வேண்டும். ஒடாகோ மலையில் ஆட்டுக்குப் பின்னால் ஓடும் பைக்குகளில் கல்லில் மோதி முதலில் சாவதும் அதுதான். மற்ற மேய்ப்பர்கள் அதைத் திட்டுவார்கள். மெர்வின் திட்டுவதில்லை. டவுன் உதிரிபாகக் கடையில் ரொவீனா இருந்தாள்.

அந்தப் பக்கத்து ஆண்கள் கையில் உடைந்த சாமான் இல்லாமல் கடைக்குள் நுழைவதில்லை. சும்மா வந்தேன் என்று எவனாவது சொன்னால், அவனுக்கு உடம்பு சரியில்லையா என்று அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து விசாரிப்பார்கள்.

உடைந்த துண்டைக் கவுண்டரில் வைத்தான்.

"மறுபடியுமா?" என்றாள் ரொவீனா.

"கல்லு."

"கல்லா?"

"பெரிய கல்லு."

காதல் பேச்சில் அவன் இவ்வளவு தூரம் போனது அதுவே முதல்முறை.

"ஒண்ணுதான் இருக்கு," என்று எடுத்துக் கொடுத்தாள். "ரப்பர் குழாயை வெட்டி மேல மாட்டிப் பாருங்களேன்."

அவள் சொன்னதாயிற்றே, மாட்டினான். ரப்பருக்குள் சேறு புகுந்து கல்லாகக் காய்ந்தது. உரித்தபோது நிப்பிளும் கூடவே வந்துவிட்டது. மிகுந்த வருத்தத்தோடு விசிலடித்துக்கொண்டே டவுனுக்குப் போனான்.

"சேறு," என்றான்.

"அடடா. அப்போ இரும்புத் தகட்டை வளைச்சு போல்ட் போடுங்க. இதுவும் ஒண்ணுதான் இருக்கு, பார்த்து."

முதல் பாறையிலேயே தகடு மடங்கி நிப்பிளைக் கத்தரித்தது. ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகையில் நடக்கப்போகும் நடனத்துக்கு அவளை அழைக்க வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனான்.

"தகடு," என்றான் கவுண்டரில். "நல்லா மடங்குது."

பண்ணைக்காரி ஐலீன் பொறுமை இழந்தாள். "ஏன்டா, நீ ஆடு மேய்க்கிறியா, நிப்பிள் மேய்க்கிறியா? நகரு."

நிப்பிளைக் கழற்றி, அந்தத் துளையைச் சுற்றி ஒரு தடித்த இரும்பு வளையத்தை வெல்டிங் அடித்து, புது நிப்பிளை அதற்குள் பதுங்கினாற்போல் திருகினாள். கிரீஸ் துப்பாக்கி உள்ளே போகும், கல் போகாது.

அதன்பின் எதுவும் உடையவில்லை.

மெர்வின் மலையிலேயே மோசமான பாறைகளாகத் தேடித் தேடிப் பைக்கை ஏற்றினான். நாய் அவன் பின்னால் உட்கார மறுத்து நடந்தே வந்தது. தினமும் அடியில் படுத்து, அப்பழுக்கில்லாத நிப்பிளைத் தடவிப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். பாப்லர் மரங்கள் மஞ்சளாகிக்கொண்டிருந்தன. மேட்டிலிருந்து பார்த்தால் கடையின் தகரக் கூரை மட்டும் மின்னும். அவள் இன்று என்ன நிறச் சட்டை போட்டிருப்பாள் என்று யோசிப்பான். கடைச் சீருடை நீலம் என்பது அவனுக்குத் தெரியும். இருந்தாலும் யோசிப்பான்.

ஒருநாள் ஐலீன் வண்டியைக் கிளப்பினாள். "டவுனுக்குப் போறேன். நிப்பிளை ஒரு பெட்டியாவே வாங்கிப் போட்டுடறேன். இனிமே நீ அலைய வேண்டாம்."

இதைவிட அவள் அவனை வேலையிலிருந்து நீக்கியிருக்கலாம். நன்றாக இருந்த வாயிற்கதவை மத்தியானம் முழுக்கப் பழுது பார்த்தபடி சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐலீன் திரும்பி வந்தாள். கையில் ஒரு இறைச்சி பப்ஸ் மட்டும், பாதி தின்றது.

"ஸ்டாக் இல்லையா, பாஸ்?" என்றான், உயிர் திரும்பியவனாக.

ஐலீன் உதட்டில் ஒட்டிய துணுக்கைத் துடைத்தாள்.

"அலமாரி நிறைய அடுக்கி வச்சிருக்கா, எனக்கு ஒண்ணுகூடத் தரலை, 'அவரையே அனுப்புங்க, எதுவும் உடையலைன்னாலும் பரவாயில்லை'ங்கறா."