பதினோராம் மேசையின் உண்ணாவிரதம்

அன்று பகல் ஒன்றே கால் மணிக்கு, ஓர் உணவகத்தின் பதினோராம் மேசையில் உட்கார்ந்தபடி, செயலாளர் ஒரு போராட்டத்தைத் தொடங்குவது என்று முடிவெடுத்தார். காரணம் எளியது. சூப் கொண்டுவரச் சொல்லி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

பேருந்துப் பணிமனைச் சங்கத்தில் அவர் இருபத்தேழு ஆண்டுகள் செயலாளர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். பட்டம் ஓய்வு பெறவில்லை. எத்தனையோ நிர்வாகங்களைப் பார்த்தவர். காது இருந்தும் கேட்காதவனுக்குத்தான் நிர்வாகம் என்று பெயர் என்பது அவர் பட்டுத் தெரிந்துகொண்ட உண்மை.

எதிரே உட்கார்ந்திருந்த மனைவிக்கு வேறு கவலை. இந்த ஆண்டில் மட்டும் மூன்று முறை அவளை வெளியே சாப்பிட அழைத்துப் போயிருந்தார். மூன்று முறையும் சாப்பாடு வருமுன் வெளிநடப்பு. கொள்கை வென்றது. வெறும் வயிற்றோடு வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டியது அவள்.

"இன்னிக்கு என்ன ஆனாலும் நான் சமைக்க மாட்டேன்" என்று கிளம்பும்போதே சொல்லியிருந்தாள். "யாரோ சமைச்சதை உட்கார்ந்த இடத்துல சாப்பிடணும். அவ்வளவுதான்."

நரைத்த மீசையோடு சப்ளையர் மேசையைக் கடந்தார்.

"ஏங்க, சூப் என்னாச்சு?"

"வருது."

"இதையேதான் அரை மணி நேரம் முன்னாடியும் சொன்னீங்க."

"அப்பவும் வந்துக்கிட்டுதான் இருந்துச்சு."

செயலாளர் எழுந்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் புகார்ப் பெட்டி ஒன்று தொங்கியது. தாள் போடும் வாயில் பல்குச்சிகளைச் செருகி வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது அவர் காது மடல் சிவந்திருந்தது.

"பாத்தியா? மக்களோட குரல் போற வழியில பல்குச்சி."

"உட்காருங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

பக்கத்து மேசையில் ஒரு தையல்காரர் மெல்லச் சொன்னார். "நான்கூட மீன் கேட்டேங்க. முட்டை வந்துச்சு."

"திருப்பி அனுப்பினீங்களா?"

"அனுப்பினா அதுவும் போயிடுமேன்னு சாப்பிட்டுட்டேன்."

"இதைத்தான் அடிமைப் புத்தின்னு நாங்க துண்டறிக்கை போட்டோம்."

"எனக்குப் பசிங்க."

அதற்குமேல் செயலாளரால் பொறுக்க முடியவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு நடுக்கூடத்தில் நின்றார். பணிமனை வாசலில் ஒலிபெருக்கி இல்லாமலே ஆயிரம் பேரைக் கூட்டிய குரல் அது. கரண்டிகள் நின்றன. ஏழு மேசைகள் திரும்பின. இரண்டு கைபேசிகள் உயர்ந்தன.

"நண்பர்களே, நாம எல்லாரும் இப்பவே, ஒட்டுமொத்தமா..."

மனைவி அவர் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏங்க, வெளிநடப்பா?"

"பின்னே?"

"நாம எழுந்து போனா கடைக்காரனுக்கு என்ன குறைஞ்சிடும்? வேற நாலு பேர் வந்து உட்காருவாங்க. நீங்க நகரவே கூடாது. இங்கேயே உண்ணாவிரதம் இருங்க. சாப்பாட்டுக் கடைக்குள்ள உண்ணாவிரதம். உங்க சங்கத்துல யாராவது செஞ்சிருக்காங்களா?"

செயலாளர் திகைத்துப் போனார். இருபத்தேழு ஆண்டுகளில் ஒருவருக்கும் தோன்றாத உத்தி. முப்பத்தோரு ஆண்டு இல்லறத்தில் அவள் முதன்முறையாக அவர் வழிக்கு வந்திருக்கிறாள்.

"முதலாளி நேர்ல வந்து மன்னிப்புக் கேக்கற வரைக்கும்" என்று அறிவித்தார், "நான் ஒரு பருக்கை தொட மாட்டேன். தண்ணிகூட."

கைதட்டல் கூரையைத் தொட்டது. தையல்காரர் பயந்துபோய்க் கேட்டார்: "நாங்களும் பட்டினியா?"

"நீங்க ஆதரவு குடுத்தா போதும்."

"குடுத்துட்டேன்."

"பேச்சுவார்த்தைக்கு ஒரு ஆள் வேணுமே" என்றாள் மனைவி. "நான் போயிட்டு வரேன்." புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

ஐந்தே நிமிடம். கதவு படீரென்று திறந்தது. சப்ளையர் ஓடி வந்தார், ஆமாம், ஓடி. தையல்காரருக்கு மீன். எல்லா மேசைக்கும் சோறு. பதினோராம் மேசைக்கு ஆவி பறக்கும் சூப், பொரித்த மீன், இரண்டிரண்டு தட்டு.

"உள்ளே என்ன சொன்னே?" என்றார் செயலாளர், பெருமை தாங்காமல்.

"வெளியே ஒருத்தர் பட்டினி கிடக்கறதைப் படம் எடுக்கறாங்கன்னு சொன்னேன். எல்லா அடுப்பும் எரிய ஆரம்பிச்சுது." அவள் மீனைப் பிட்டு வாயில் போட்டுக் கண்ணை மூடினாள். "நல்ல பதம்."

"முதலாளி எங்கே?"

"வருவாரு."

தன் தட்டை வழித்துவிட்டு, அவர் தட்டையும் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"அது என்னுது."

"நீங்கதான் உண்ணாவிரதம் ஆச்சே. ஆறிப்போயிடும்."

மீன் மணம் மூக்கைத் துளைத்தது. செயலாளர் எச்சிலை விழுங்கினார். அதுகூட விரதத்தை முறிக்குமோ என்று ஒரு கணம் சந்தேகம். பத்து நிமிடம். இருபது நிமிடம். முதலாளி வரவில்லை. "இறங்கி வரமாட்டான்" என்று கைபேசிகளைப் பார்த்து முழங்கினார். "அந்த வர்க்கத்தோட திமிர் அது. எத்தனை காலமா பாக்கறேன்." இம்முறை கைதட்ட யாருக்கும் கை சும்மா இல்லை.

இரண்டு மணிக்கு மனைவி விரல்களைத் துடைத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் பார்த்துத் தலையசைத்தாள். உடனே ஒரு பருத்த மனிதர் கைகூப்பியபடி வந்து நின்றார்.

"ஐயா, மன்னிச்சிடுங்க. எங்க தப்புதான்."

வெற்றி. செயலாளர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"இதைச் சொல்ல உங்களுக்கு இவ்வளவு நேரமா?"

"நான் அப்பவே ஓடி வரப் பாத்தேங்க" என்றார் முதலாளி. "அம்மாதான், 'ரெண்டு தட்டையும் நான் முடிச்ச பிறகு வாங்க'ன்னு சொல்லிட்டாங்க."