சாரலைத் திட்டும் ஓவன் சார்

குற்றாலத்தில் குடியிருந்துகொண்டு சாரலைக் கண்டபடி திட்டுகிற மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் தெரு ஓவன் சார்.

ஆனி பிறந்தால் நாங்களெல்லாம் மலையைப் பார்த்தபடியே நிற்போம். நான் லாட்ஜ் நடத்துகிறவன். சாரல் விழுந்தால்தான் என் அறைகள் நிறையும். எண்ணெய் தேய்க்கிறவர், பழக்கடைக்காரர், ஆட்டோக்காரர் எல்லோர் பாடும் அதேதான். முதல் தூறல் விழுந்ததும் தெருவே பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும். பக்கத்து வீட்டு மொட்டை மாடியிலிருந்து மட்டும் ஒரு குரல் வரும்.

"வந்துட்டான்யா நாசமாப் போறவன்! இந்த ஈரத்துக்குள்ள ஒருத்தன் வானத்த ஒழுங்காப் பாக்க முடியுமாவே?"

"அண்ணாச்சி, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. போன வருசம் நீங்க திட்டித்தான் சீசனே படுத்துப் போச்சு" என்பேன்.

சார் வடக்கே ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஓய்வு சம்பளத்துக்கு மட்டும்தான், வாய்க்கு இல்லை. பிரபஞ்சம் பச்சைப்பிள்ளையாக இருந்தபோது தகதகவென்று கொதித்ததாம். அன்று கிளம்பிய வெளிச்சம் வழியெல்லாம் ஆறி, இப்போது மைக்ரோவேவ் அலையாக எல்லாத் திசையிலிருந்தும் நம் மேல் விழுந்துகொண்டிருக்கிறதாம். காற்றில் ஈரம் இருந்தால் அது அலையைக் குழப்பிவிடும். ஆகவே ஒரு விண்கலத்தை மேலே அனுப்பித்தான் சரியாக அளக்க முடியும் என்று பல ஊர் விஞ்ஞானிகள் சேர்ந்து அரசிடம் ஒரு திட்டம் கொடுத்திருந்தார்கள். அதில் சாரும் ஒருவர். நம் பால்வெளியில் கிடக்கும் தூசியும் அதே மாதிரி மினுக்குமாம். அந்தத் தூசியைக் கணக்கில் கழித்துவிட்டு அசலைப் பிரித்தெடுப்பது அவர் பங்கு வேலை.

"பால்வெளித் தூசியத் தட்டுதாராம்! வீட்டுல ஒரு ஃபேனத் தொடச்சது உண்டுமான்னு கேளுங்க" என்பார் அவர் மனைவி. தெருவில் எல்லோருக்கும் அவர் மைனி.

அச்சன்புதூரில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவரிடம் "நான் மைக்ரோவேவ் ஆராய்ச்சி பண்ணுதேன்" என்று சார் பெருமையடித்துவிட்டார். வந்தது வினை. அடுத்த வாரமே அந்த ஊர் ஜமீலா அக்கா, கணவர் சவுதியிலிருந்து கொண்டுவந்த மைக்ரோவேவ் ஓவனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறங்கினார்.

"தட்டு சுத்துது சார், லைட்டும் எரியுது. சாப்பாடு மட்டும் சூடாவ மாட்டேங்கு."

"ஏம்மா, நான் பாக்கது வேற மைக்ரோவேவ். பிரபஞ்சம் பொறந்த புதுசுல இருந்த சூடு. இப்ப அது ஆறிப்போயி…"

"ஆறிப்போச்சுன்னா இதுல வச்சு சூடு பண்ணிரலாம்லா சார்? மொதல்ல இதச் சரிபண்ணுங்க."

சாருக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனாலும் கை சும்மா இருக்குமா? திருப்பி வைத்துத் திறந்தார். உள்ளே ஒரு ஃபியூஸ் போயிருந்தது, மாற்றிக் கொடுத்தார். அன்றோடு அவர் சொந்தப் பெயர் ஊருக்கு மறந்து போனது.

பிறகு ஓவன் வராத மாதமே இல்லை. சார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: ஓவனை எடுத்துப் போகுமுன் அரை மணி நேரம் பிரபஞ்சக் கதை கேட்க வேண்டும். "மீதிய அடுத்த தடவ ரிப்பேராவும்போது கேட்டுக்கிடுதேன் சார்" என்று நழுவியவர்கள் உண்டு. ஜமீலா அக்கா மட்டும் முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்பம் நம்ம மேலயும் இப்ப விழுதா?" என்று முந்தானையை உதறிப் பார்த்தார்.

இப்படி இருக்கையில், அந்த விண்கலத் திட்டத்தை எடுப்பதா விடுவதா என்று முடிவுசெய்ய அரசு அமைத்த பெரியவர்கள் குழு ஒன்று கூடியது. சார் தன் பங்கை வீடியோவில் பத்து நிமிடம் விளக்க வேண்டும். "இந்தத் தடவ விட்டா மறுபடி வரிசையில நிக்கணும். இவருக்கு எழுபத்து மூணு ஆச்சு" என்று மைனி என்னிடம் தனியாகச் சொன்னார்.

அன்றைக்குப் பார்த்துக் காற்றோடு சாரல். மரம் சாய்ந்து, குற்றாலமே கரண்ட் இல்லாமல் கிடந்தது. சார் திட்டக்கூட மறந்து நின்றார். நான் அவரையும் லேப்டாப்பையும் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு அச்சன்புதூருக்கு ஓட்டினேன். அங்கே கரண்ட் இருந்தது. போனாலும் ஜமீலா அக்கா வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு, சவுதிக்குப் பேசுகிற வைஃபையும் உண்டு.

சார் பேச ஆரம்பித்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, திரையில் பெரியவர்கள் வாயைத் திறந்தபடி உறைந்து போனார்கள். தெளிந்தார்கள். மறுபடி உறைந்தார்கள். சார் மூக்கை உறிஞ்சினார், சமோசா வாசனை. விருந்தாளிக்குக் கொடுக்க அக்கா ஓவனில் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். அது ஓடினால் வைஃபையை அமுக்கிவிடுமாம். சார் அடுப்படியைப் பார்த்துக் கத்தினார்.

"ஏ ஜமீலா! ஓவன அமத்தும்மா! பிரபஞ்சம் பொறந்ததுலேர்ந்து வந்துக்கிட்டு இருக்கது ஒஞ் சமோசாவால நின்னு போச்சு!"

மைக் திறந்தே இருந்தது. படம் தெளிந்தபோது, குழுவின் தலைவர் அது என்ன சத்தம் என்று கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சார் அசரவில்லை. "ஐயா, இதுதான் என் பிரச்சினையே. பக்கத்தில் கத்துகிற ஒன்று தூரத்திலிருந்து வரும் மெல்லிய குரலை அமுக்குகிறது. அங்கே பால்வெளித் தூசி, இங்கே சமோசா" என்று ஆங்கிலத்தில் அடித்துவிட்டார். குழு முழுக்கச் சிரித்தது. மிச்ச நேரம் முழுதும் அவர்தான் ராஜா.

சில மாதம் கழித்துப் பதில் வந்தது. முதல் கட்ட வேலைக்கு அனுமதி! ஜமீலா அக்கா அல்வாவோடு வந்துவிட்டார். சார் மட்டும் விரல் விட்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் கலம் மேலே போகப் பன்னிரண்டு வருடம் ஆகுமாம்.

மறுநாள் சாயங்காலம் பரோட்டாக் கடையில் பாதியிலேயே இலையை மடக்கிவிட்டு எழுந்தார்.

"என்ன அண்ணாச்சி, உடம்புக்கு முடியலியா?"

"கணக்குப் போட்டுப் பாத்தேன்வே. எம்பத்தஞ்சு வரைக்கும் இருந்தாவணும்லா? இந்தப் பரோட்டா விடாது போலருக்கு."

இப்போது காலையில் ஐந்தருவி ரோட்டில் வேகுவேகென்று நடக்கிறார். கூட நானும் நடக்கிறேன். எனக்கு நடையும் பிடிக்காது, பிரபஞ்சமும் புரியாது. அவருக்குத் தெரியாமல் பரோட்டா தின்றுகொண்டிருந்தேன். போன வாரத்தோடு அதையும் விட்டுவிட்டேன். இந்த மனிதர் எண்பத்தைந்தைத் தொட வேண்டும். அன்றைக்கு அவர் பக்கத்தில் நிற்க நானும் இருக்க வேண்டும்.