குடைக்குள் கிலுகிலுப்பை

என் கையெழுத்து மோசம். பிழைகளும் இருக்கும். நாலாம் வகுப்போடு ஆரியசாலைப் பலசரக்குக் கடைக்கு வேலைக்கு வந்தவன் நான். ரகரமும் றகரமும் எனக்கு இன்னும் ஒன்றுதான். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கூச்சக்காரனுக்குப் பெண் கிடைப்பது கஷ்டம். இரண்டு வீடுகளில் வாயே திறக்காமல் காப்பி குடித்துவிட்டு வந்தேன். 'பையன் ஊமையோ' என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். மூன்றாவது, கரமனையில். இதுவும் தவறினால் இனி உனக்காக அலையமாட்டேன் என்று தாய்மாமா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

பெண்ணின் அப்பா தென்னந்தோப்புக்காரர். தென்னைகளுக்கிடையே தழையுரத்துக்காகக் கிலுகிலுப்பை விதைத்திருந்தார். (பயறு ஜாதிச் செடி. மஞ்சள் பூ.) பெண்ணைப் பற்றி அவர் பேசவேயில்லை. விதையை ஒரு ராத்திரி ஊறவைத்து, இடவ மாத மழை தொடங்கியதும் தூவ வேண்டும். பூவிடும் சமயத்தில் மடக்கி மண்ணில் புதைக்க வேண்டும். விதைக்கென்று ஒரு வரிசையை மட்டும் விட்டுக் காயவைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார். நான் தலையாட்டினேன். காப்பி கொண்டுவந்த பெண்ணின் பாதங்களையும் தோப்பில் தெரிந்த மஞ்சள் பூக்களையும் மட்டும் பார்த்தேன்.

விதை கொஞ்சம் தரட்டுமா என்று கேட்டார். ஆசைதான். ஆனால் வாய், "வேண்டாம்" என்றது. அதுவரை நான் பேசிய ஒரே வார்த்தை.

பெரியவர்கள் பேசி முடிவு செய்ய வேண்டும் என்று மாமா என்னை முன்னால் நடக்கச் சொன்னார். தாழ்வாரத்தில் தொங்கவிட்டிருந்த என் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினேன்.

கருக்கல் நேரம். தோப்பு முடிகிற இடத்தில் ஒரு பாலைமரம். அங்கே, பின்னால் சலங்கைச் சத்தம்.

நின்றேன். அதுவும் நின்றது. காற்றில்லை, ஓலைகூட அசையவில்லை. நடந்தேன். நான் கால் வைத்த அதே கணத்தில் அதுவும் கால் வைத்தது. மெல்ல நடந்தால் மெல்ல. ஒரு தடவை இருமினேன். அதற்கும் ஒரு சின்னச் சலக்.

பாலையில் இருக்கும் யட்சியை இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள். கொடுத்தவனின் நகமும் முடியும்தான் மறுநாள் மரத்தடியில் கிடக்கும். (அவள் ரத்தம் குடிப்பதுகூடப் பெரிதில்லை. பேச்சுக் கொடுத்தால் நான் பதில் சொல்ல வேண்டுமே!) இப்போது சத்தம் முதுகுக்குப் பின்னால் இல்லை, என் விலாவை ஒட்டிக் கேட்டது. பாலைப்பூ வாசம் தலையைச் சுற்றியது. முன்னால் இருட்டு. விளக்கு எரிந்தது பெண் வீட்டில் மட்டும். கண்ணை இறுக மூடிக்கொண்டு, திரும்பி ஓடினேன். அவளும் ஓடிவந்தாள், ஆடிக்கொண்டே.

வாசற்படி தடுக்கி, வெற்றிலைத் தட்டின் மேலேயே விழுந்தேன். குடை விரிந்து, உள்ளிருந்து காய்ந்த காய்கள் சலசலவென்று கூடமெங்கும் உருண்டன.

பெண்ணின் அப்பா ஒன்றை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். என்னைத் துரத்திய அதே சலங்கைச் சத்தம். "எங்க மாட்டுத் தொழுத்துல கட்டித் தொங்கவிட்ட வெதையில்லா இது?"

கதவுக்குப் பின்னால் பெண் நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. யார் வைத்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. பார்க்க வந்தவன் குடைக்குள் கன்னிப்பெண் கைவைத்தாள் என்று தெரிந்தால் அவள் கதி என்ன?

"நாந்தான் எடுத்தேன்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"வேண்டாம்னு சொன்னீரே?"

"சொல்லிட்டுக் களவெடுத்தேன்."

மாமா தலையில் கைவைத்துக்கொண்டார். பெண்ணின் அப்பாவோ என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மாமாவிடம், "வெதைக்கு ஆசைப்பட்டுக் களவெடுக்கிறவன் தோப்ப விக்கமாட்டான் ஓய். நாள் பாரும்" என்றார்.

அன்றிலிருந்து மாமனார் வீட்டை விட்டு நான் கிளம்பும்போதெல்லாம் மைத்துனன்மார் வாசலை மறித்துக்கொள்வார்கள். "அத்தான், குடைய விரிச்சுக் காட்டிட்டுப் போங்க." இப்போது என் பிள்ளைகளும் அவர்களோடு சேர்ந்துவிட்டார்கள். நானும் விரித்து உதறிக் காட்டுகிறேன். என் மனைவிக்கு மட்டும் அந்த நேரம் பார்த்துக் கிணற்றடியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

கொல்லம் ஆண்டு 1117, இடவம் 20.