முறைப்படி வீடு திரும்பியவர்

வீடு திரும்புவதை மக்கள் தங்கள் இஷ்டத்துக்குச் செய்துகொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. பஸ்ஸில் வாயைப் பிளந்து தூங்குவார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகச் சார்ஜர் எங்கே என்று கேட்பார்கள். இந்த ஒழுங்கீனத்தை மேலிடம் கவனிக்காமலே இருந்தது. பிறகு மேலிடத்தில் ஒருவர், வீடு திரும்பும் மகனைப் பற்றிய படம் ஒன்றைப் பார்த்து இடைவேளைக்கு முன்பே அழுதுவிட்டார். வீடுதிரும்பல் துறை பிறந்தது.

வெளியூரில் வேலை பார்ப்பவர் லீவில் வீட்டுக்குப் போக வேண்டுமானால், அவருடைய பயணம் 'திரைக்கும் கவிதைக்கும் இழுக்கு நேராவண்ணம்' அமையும் என்று இந்தத் துறை ஒப்புதல் தர வேண்டும். ஒப்புதல் இல்லாமல் எந்தக் கம்பெனியும் லீவு தரக் கூடாது. கடைத் தராசுகளுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்த ஓர் அதிகாரியைத் தலைவராகப் போட்டார்கள். பக்கத்து நாற்காலியில் ஆலோசகராக ஒரு கவிஞர். பிறந்த வீட்டிலேயே இன்றுவரை குடியிருப்பவர். வீடு திரும்பும் ஏக்கத்தைப் பற்றி நான்கு தொகுதிகள் எழுதியிருக்கிறார்.

எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடிப் பெரியவரின் மகன் லிஃப்ட் மெக்கானிக். வெளியூரில் வேலை. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. பெரியவர் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வர வேண்டிய நேரம். படி ஏறக் கூடாது, தூக்கித்தான் போக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "என் பையன் வந்து தூக்கட்டும். கண்டவன் கையில நான் போக மாட்டேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டார் பெரியவர். மெக்கானிக் உடனே வீடுதிரும்பல் துறைக்கு ஓடினார். அங்கே நடந்ததை அவர் வாயாலேயே பிறகு கேட்டேன்.

"எதுல போறீங்க?" என்றார் அதிகாரி.

"பஸ்லங்க."

"ரயில் இல்லையா?" கவிஞர் முகம் வாடியது.

"எங்க ஊருக்கு ரயில் கிடையாதுங்க. பஸ்ஸுன்னா வீட்டு வாசல்லயே நிக்கும்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "வாசல்லயேவா? அப்ப எங்க நடப்பீங்க?"

"எதுக்குங்க நடக்கணும்?"

"கடைசிக் கொஞ்ச தூரம் நடந்துதான் ஆகணும்," என்றார் கவிஞர். "தோள்ல பை, குனிஞ்ச தலை. அப்பதான் தெரு உங்களை அடையாளம் கண்டுக்கும்."

"அந்த பஸ் டிரைவருக்கே என்னைத் தெரியுங்க."

"ஜன்னலோரம் உக்காந்து என்ன செய்வீங்க?" என்றார் அதிகாரி.

"தூங்கிருவேன்."

"தூக்கத்துக்கு விதியில இடமில்லை. கம்பியில நெத்தியை வச்சு, மரமெல்லாம் பின்னால ஓடறதைப் பாக்கணும். சரி, மழைக்கு என்ன ஏற்பாடு பண்ணியிருக்கீங்க?"

"சார், எங்கப்பாவை மாடிக்குத் தூக்கணும். சீக்கிரம் போகணும். அவ்வளவுதான் சார்."

"அப்பா அப்போ எங்க இருப்பார்?"

"கீழ, மாடிப்படிகிட்ட உக்கார வச்சிருப்பாங்க."

"காத்துக்கிட்டு இருப்பாரா?" கவிஞரின் குரல் தழுதழுத்தது.

"ஏற முடியாதே சார். வேற என்ன பண்ணுவார்?"

காத்திருக்கும் தந்தை என்றதும் ஒப்புதல் கிடைத்துவிட்டது. நிபந்தனை சிறியதுதான். இரண்டு நிறுத்தம் முன்னால் இறங்கி நடக்க வேண்டும். மழைக்குத் துறையே பொறுப்பு. அதிகாரியும் கவிஞரும் உடன் வந்து சரிபார்ப்பார்கள்.

அன்று காலை ஆம்புலன்ஸ் பெரியவரைக் கொண்டுவந்து இறக்கியது. மாடிப்படிக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பஸ் வந்தது, வாசலில் நின்றது, மகனை இறக்காமல் கிளம்பியது. "அவரை முன்னாடியே ரெண்டு சாருங்க இறக்கிட்டாங்க" என்றார் கண்டக்டர். பெரியவருக்குக் கால் வீங்கத் தொடங்கியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரட்டும் அந்த ஆட்கள், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன் என்று கட்டடம் முழுக்கச் சொல்லி வைத்தேன். எல்லோரும் என்னோடு கீழே இறங்கி வந்தார்கள்.

மண்டையைப் பிளக்கும் வெயிலில் மழை வந்தது. முன்னால் தண்ணீர் லாரி ஊர்ந்தது. அதன் மேலிருந்து ஒருவர் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தத் தண்ணீருக்குள் மெக்கானிக் நடந்து வந்தார். அவர் எட்டிக் கால் வைத்த போதெல்லாம் "நிதானம், நிதானம்" என்றார் குடைக்குள்ளிருந்த அதிகாரி.

ஒருவழியாக வந்து சேர்ந்த மெக்கானிக், பையைப் போட்டுவிட்டுக் குனிந்தார். "கழுத்தைப் பிடிச்சுக்கோங்கப்பா. மெதுவா தூக்கறேன்."

பெரியவர் அவர் கையைத் தட்டிவிட்டார். "அவ்வளவுதானா?"

"என்னப்பா?"

"எதிர் கட்டடத்து மருந்துக்கடைக்காரர் பையன் போன மாசம் வந்தான். தெருவே அழுதுச்சு. நீ என்னடான்னா பைப்பு ரிப்பேருக்கு வந்தவன் மாதிரி வர்ற."

"இடுப்பு வலிக்கலையாப்பா?"

"உயிர் போகுது. அது கிடக்கட்டும். நீ திரும்பப் போய் முதல்லேருந்து வா. நம்ம கட்டடம் தெரிஞ்சதும் கொஞ்சம் நில்லு. நின்னு பாரு."

"பையை இடது தோள்ல மாட்டுடா," என்றாள் மெக்கானிக்கின் அக்கா. "முகமே தெரியல."

மெக்கானிக் எங்களைப் பார்த்தார். ஒருவராவது நியாயம் பேசுவார் என்ற நம்பிக்கை அந்தப் பார்வையில் இருந்தது. கட்டடம் முழுக்க என் வாயைப் பார்த்தது. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அதிகாரியிடம் போனேன்.

"லாரியில தண்ணி மிச்சம் இருக்கா சார்?" என்று கேட்டேன்.

இருந்தது. இரண்டாம் தடவை மெக்கானிக் வந்த வருகையைச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. கட்டடத்தைப் பார்த்து நின்றார். உதடு நடுங்கியது, இரண்டு தடவை நனைந்த குளிரால்தான் என்றாலும் பார்க்க நன்றாக இருந்தது. பெரியவர் விம்மி விம்மி அழுதார். நாங்களும் அழுதோம். அதிகாரி 'திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் மெக்கானிக் அப்பாவைத் தூக்கக் குனிந்தார். முடியவில்லை. வெடவெடவென்று நடுங்கிய கைகளில் தெம்பே இல்லை. முதல் படியிலேயே ஈரம் சொட்டச் சொட்ட உட்கார்ந்துவிட்டார். நாங்கள் அவரையும் பெரியவர் உட்கார்ந்திருந்த நாற்காலியையும் சுற்றிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி அவரவர் மாடிக்கு ஏறிப் போனோம்.

"வந்தா இப்படி வரணும்" என்று ஏறும்போது எல்லோரும் சொல்லிக்கொண்டோம்.